நிறமே இல்லாத கடல் படம்: மையும் தண்ணீரும் செய்த வேலை

கேள்வி இதுதான்: "ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றின் தொகுப்பில் 17ஆம் நூற்றாண்டுக் கடற்காட்சி ஒன்றைப் பார்த்தேன். 'பரோக் காலம், மை மற்றும் நீர்வண்ணம், தாள்' என்று குறிப்பு. ஆனால் படத்தில் வண்ணமே இல்லை, சாம்பலும் பழுப்பும்தான். பாதித் தாள் காலியாகக் கிடக்கிறது. எண்ணெய் ஓவியத்துக்கு முன்னால் போட்ட வரைவா? முடிக்காமல் விட்டதா? இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"

முடிக்காமல் விட்டதாக இருக்க வாய்ப்பு குறைவு. வரைவாக இருக்கலாம், ஆனால் வரைவு என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ஹாலந்தில் கடலைத் தாளில் வரைவது தனியாகச் சோறு போட்ட தொழில். அரசர் ஒருவர் அதற்கென்றே ஆண்டுச் சம்பளம் கொடுத்திருக்கிறார். அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் அந்த 'நீர்வண்ணம்' குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

நீர்வண்ணம் என்றதும் நமக்குப் பள்ளிக்கூடத்து வாட்டர் கலர் பெட்டி ஞாபகம் வருகிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கடல் வரைஞர்களிடம் இருந்தது பெரும்பாலும் ஒரே மை, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு தூரிகை. மையை நீர்க்க வைத்துத் தாளில் பூசுவார்கள். ஒரு தடவை பூசினால் வெளிர்ச் சாம்பல், காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு தடவை பூசினால் அடர்த்தி. அருங்காட்சியகப் பட்டியல்களில் இதையும் பல நேரம் நீர்வண்ணம் என்ற தலைப்பிலேயே சேர்த்துவிடுகிறார்கள். தாளில் பல வண்ணம் பூசத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். அதே நாட்டில் 1634இல் இறந்த ஹென்ட்ரிக் அவர்காம்ப், பனிச்சறுக்கு ஆடும் மக்களை அழகான வண்ணங்களில் தாளில் வரைந்து வைத்திருக்கிறார். கடல் வரைந்தவர்களுக்கு வண்ணம் பெரிதாகத் தேவைப்படவில்லை. வட கடலுக்கு மேலே வானம் பாதி நாள் அந்தச் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், இது என் ஊகம்.

மையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று நாம் பார்க்கும் நிறம் வரைந்த அன்றைய நிறமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அன்றைக்கு அதிகம் புழங்கிய எழுது மை நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகளால் ஆனது: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து, காற்றுப் பட்டதும் கறுப்பாகும். பிசின் அதைத் தாளில் பிடித்து வைக்கும். சிக்கல் என்னவென்றால், காலப்போக்கில் இந்தக் கறுப்பு பழுப்பாகிவிடும். இரும்பு கூடிப்போன மை, அமிலத்தோடு சேர்ந்து தாளையே அரிக்கும். நிறைய மை தேங்கிய இடங்களில் தாள் ஓட்டையாகிப் போன படங்கள் உண்டு. விறகுப் புகைக்கரியைக் காய்ச்சி எடுத்த பழுப்பு மை இன்னொரு வகை. அது ஆரம்பத்திலிருந்தே பழுப்பு. விளக்குக் கரியில் செய்த மை மட்டும் கறுப்பாகவே நிற்கும், நீர்க்கவிட்டால் குளிர்ந்த சாம்பல் தரும். ஆகவே உங்கள் படத்தில் கப்பலின் கோடுகள் பழுப்பாகவும் வானம் சாம்பலாகவும் இருந்தால், இரண்டு வேறு மைகள் கையாளப்பட்டிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பழுப்புக் கோடுகள் வரைந்த நாளில் கறுகறுவென்று இருந்திருக்கவும்கூடும்.

சரி, யார் வரைந்தார்கள், எதற்கு வரைந்தார்கள்?

இந்தத் துறையில் முதல் பெயர் வில்லெம் வான் டெ வெல்டெ. அப்பா, மகன் இருவருக்கும் அதே பெயர். அப்பா 1611இல் லைடனில் பிறந்தவர், மகன் அதே ஊரில் 1633இல். அப்பா ஓவியர் என்பதைவிட வரைஞர். மகன் எண்ணெய் வண்ணத்தில் பெரிய ஆள், சிமோன் டெ ஃப்லீகர் என்ற கடல் ஓவியரிடம் தொழில் கற்றவர்.

அப்பா செய்த காரியம் இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்கும். ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் கடற்போர் நடக்கும்போது, டச்சுக் கப்பற்படையோடு கல்யோட் என்னும் சிறு பாய்க்கப்பலில் போய், பீரங்கிச் சண்டைக்கு நடுவே உட்கார்ந்து வரைந்தார். 1653 ஆகஸ்டில் டச்சுத் தளபதி மார்ட்டென் ட்ரோம்ப் செத்துப்போன ஸ்கேவெனிங்கென் போரில் இருந்தார். 1666 ஜூனில் நான்கு நாள் நடந்த பெரும் போரிலும் இருந்தார். அந்தப் போரில்தான் ஆங்கிலேயரின் பெரிய கப்பல்களில் ஒன்றான 'ராயல் பிரின்ஸ்', காலப்பர் மணல்திட்டில் தரைதட்டி, தளபதியோடு சரணடைந்தது. டச்சுக்காரர்கள் பிறகு அதைக் கொளுத்திவிட்டார்கள். இதெல்லாம் காகிதத்தில் வந்தது அவர் கண்ணால் பார்த்ததால்.

ஆடும் படகில் மைக்கூட்டை வைத்துக்கொண்டு வரைய முடியாது. அங்கே காரீயக்கோல்தான். நீளமான தாளில் அடிவானத்தை ஒரு கோடாக இழுத்து, அதன்மேல் எந்தக் கப்பல் எங்கே நின்றது என்று விறுவிறுவென்று குறிப்பார். இடம் போதாவிட்டால் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்வார். பல தாள்கள் ஒட்டி, ஒரு மீட்டருக்கு மேல் நீளும் காட்சிகள் இருக்கின்றன. ஓரங்களில் கப்பல் பெயர், காற்றின் திசை, நடந்தது என்ன என்று கிறுக்கலாக எழுதி வைப்பார். கரைக்கு வந்தபின் தேவைப்பட்ட படங்களுக்குச் சாம்பல் மை பூசி, முக்கியக் கோடுகளைப் பேனாவால் உறுதி செய்வார்.

இந்தத் தாள்களை வைத்து அவர் செய்த பெரிய வேலைகள் இன்னும் விசித்திரமானவை. பலகையிலோ துணியிலோ வெள்ளைப் பூச்சு போட்டு, அதன்மேல் வண்ணமே இல்லாமல் பேனாவும் மையுமாக வரைவது. ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் ஸ்கேவெனிங்கென் போரை அவர் 1657இல் இப்படி வரைந்தது இருக்கிறது. கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம், முழுக்கப் பேனாக் கோடு. முன்புறத்தில் ஒரு சிறு பாய்க்கப்பலில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பவர் அவரேதான். 'நான் அங்கே இருந்தேன்' என்பதற்கு அத்தாட்சி. அந்தக் கால வாடிக்கையாளருக்கு அழகைவிட அந்த அத்தாட்சி முக்கியம். தன் கப்பல் எந்த வரிசையில் நின்றது, எந்தப் பாய் கிழிந்தது என்று பார்த்துச் சரி சொல்லக்கூடிய தளபதிகள்தான் அவற்றை வாங்கியவர்கள்.

1672இல் ஹாலந்து ஒரே நேரத்தில் பிரெஞ்சுப் படையிடமும் ஆங்கிலக் கப்பற்படையிடமும் மாட்டிக்கொண்டது. பணப்புழக்கம் நின்றது, ஓவியம் வாங்க ஆள் இல்லை. அப்பாவும் மகனும் அந்தக் குளிர்காலத்தில் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆம், எதிரி நாட்டுக்கே! ஆங்கில அரசர் இரண்டாம் சார்லஸ் இருவரையும் வேலைக்கு எடுத்து, கிரீன்விச்சில் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் கட்டிய அரசி மாளிகையில் பட்டறை வைக்க இடம் கொடுத்தார். 1674இல் சம்பள ஆணை வந்தது. கடற்போர்களை வரைந்து தருவதற்கு அப்பாவுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு. அந்த வரைவுகளுக்கு வண்ணம் கொடுப்பதற்கு மகனுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு.

வரைவுதானே என்று கேட்டீர்கள் இல்லையா, அந்த ஆணையை மறுபடி படியுங்கள். கோட்டுக்கும் வண்ணத்துக்கும் அரண்மனைக் கஜானா ஒரே விலை போட்டிருக்கிறது. இன்று ஏலத்தில் மகனின் எண்ணெய் ஓவியத்துக்கும் அப்பாவின் தாளுக்கும் இருக்கும் விலை வித்தியாசத்தைப் பார்த்தால், நம் காலத்தைவிட அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்றே தோன்றுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. 1672 சோல்பே போரை அப்பா டச்சுப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தார். ஆங்கிலேயரின் 'ராயல் ஜேம்ஸ்' கப்பல் தீப்பிடித்து எரிந்த போர் அது. லண்டன் வந்தபின் அதே போரைப் பெரிய திரைச்சீலைகளாக நெய்ய ஆங்கில அரசருக்கு மாதிரி வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கட்சி மாறினாலும் கையிலிருந்த தாள்கள் செல்லாமல் போகவில்லை. எந்தக் கப்பல் எங்கே நின்றது என்பது இரண்டு தரப்புக்கும் ஒன்றுதானே.

அந்தப் பட்டறையில் தாள்கள்தான் முதலீடு. கப்பலின் பின்புறத்தை, கடலோரத்தில் அமரம் என்று சொல்வார்களே அதை, ஒரு தடவை கவனமாக வரைந்து வைத்துக்கொண்டால் இருபது வருடத்துக்கு உதவும். போர்க்கப்பலின் அடையாளமே அமரத்தில் இருக்கும் மரச்செதுக்கு வேலைதான்: சிங்கம், நகரச் சின்னம், தேவதைகள், கப்பலின் பெயருக்கேற்ற உருவம். தளபதி டெ ராய்ட்டரின் 'டெ செவென் ப்ரொவின்சியென்' கப்பலை அப்பா அப்படி வரைந்திருக்கிறார். தாளை ஈரப்படுத்தி, வரைந்த படத்தின்மேல் வைத்து அழுத்தி, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிய பிரதி எடுத்து, அதைத் திருத்தி வேறு படத்தில் பயன்படுத்துவதும் நடந்தது. கிரீன்விச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் மட்டும் இந்தக் குடும்பத்தின் வரைவுகள் 1,400க்கு மேல் இருக்கின்றன.

இனி உங்கள் படத்துக்கு வருவோம். காலியாகக் கிடக்கும் பாதித் தாள் என்று சொன்னீர்களே, அங்கேயிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. வெளிச்சம் எல்லாம் தாளே. நுரை, வெயில் பட்ட பாய், மேகத்தின் ஓரம் எல்லாம் தூரிகை தொடாமல் விட்ட இடங்கள். எங்கே பூசக்கூடாது என்பதை வரைபவர் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும், பூசியபின் திரும்பப் பெற வழியில்லை. கடல் மட்டத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் அடியில் ஓர் இருண்ட பட்டை, நடுவில் வெறும் தாளாக ஒரு வெளிச்சப் பட்டை, அதற்கப்பால் லேசான சாம்பல் பட்டை. மேகம் தண்ணீரில் போடும் நிழல்தான் அந்த இருண்ட பட்டைக்குக் காரணம். ஒரு கப்பலை அந்த வெளிச்சப் பட்டையில் நிறுத்தி, கப்பலின் உடலுக்கு மட்டும் அடர் மை போட்டால் போதும், கப்பலுக்கும் உங்களுக்கும் நடுவே அரைக் கல் தொலைவு வந்துவிடும். மொத்தமாகப் பத்துப் பதினைந்து தடவை தூரிகை பட்டிருக்கும்.

அப்புறம் ஓரங்களை உற்றுப் பாருங்கள். வானத்தில் மையின் ஓரம் கரைந்து மங்கியிருந்தால் தாள் ஈரமாக இருக்கும்போதே பூசியது. கப்பலின் நிழலில் ஓரம் கத்தி வெட்டியதுபோல இருந்தால் காய்ந்த தாளில் பூசியது. பாய்க்கயிறுகளின் கோடு மேகத்தின்மேல் கசியாமல் ஓடினால், எல்லாம் காய்ந்தபின் கடைசியாகப் பேனா வந்திருக்கிறது. இப்படி எது முதல், எது பிறகு என்று ஒரு படத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், அந்தச் சாம்பல் தாளில் அரை மணி நேரம் போவதே தெரியாது.

காற்றையும் பார்க்க வேண்டும். கொடி ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம் போனால் அந்த ஆளுக்குக் கடல் தெரியாது என்று அர்த்தம். நல்ல வரைஞர் கையில் மூன்றும் ஒத்துப்போகும், அலையின் சரிவும் அதற்கு இசையும். அந்தக் காலத்து ஹாலந்தின் உள்கடலான சுய்டர்சே போன்ற ஆழமில்லாத நீரில் அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக வரும். ஆழ்கடலில் நீண்டு புரளும். வான் டெ வெல்டெ குடும்பத்தின் அமைதிக் கடல்களில் அலையே இருக்காது, கப்பலின் நிழல் கீழே சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகளாக நடுங்கும், அவ்வளவுதான். போலி செய்பவர்கள் செதுக்கு வேலையையெல்லாம் அப்படியே கொண்டுவந்துவிட்டு, பெரும்பாலும் இந்தக் காற்றில்தான் மாட்டுவார்கள்.

அலைக்கு வேறொருவரைப் பார்க்க வேண்டும்: லுடொல்ஃப் பக்ஹெய்சன். ஜெர்மனியின் எம்டென் நகரில் 1630இல் பிறந்து, இளைஞராக ஆம்ஸ்டர்டாம் வந்து, ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுத்தராக இருந்தவர். கையெழுத்து அழகானவர், அந்தப் பேனாவோடுதான் கப்பல் வரையத் தொடங்கினார். புயல் நேரத்தில் படகு பேசிக் கடல்முகம் வரை போய் அலையைப் பார்த்துவிட்டு வருவார் என்று ஹவ்பிராக்கன் என்ற 18ஆம் நூற்றாண்டு வாழ்க்கை வரலாற்றாளர் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட கதைகளை அவர் கொஞ்சம் தாராளமாகவே சொல்வார், ஆனாலும் பக்ஹெய்சனின் பழுப்பு மைக் கோடும் சாம்பல் பூச்சும் கொண்ட புயல் படங்களைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. மேகம் ஒரு மூலையில் திரண்டு கறுக்கும், கப்பல் சரிந்து நிற்கும், அலையின் முகட்டில் மட்டும் தாள் பளிச்சென்று தெரியும். பரோக் என்றால் வேகமும் நாடகத்தன்மையும் நிறைந்த பாணி, அந்தப் பெயருக்கு இவர்தான் முழுக்கப் பொருந்துவார். அப்பா வான் டெ வெல்டெயின் சமநிலையான தாள்களை அந்தச் சொல்லால் அழைப்பது காலத்தைக் குறிக்க மட்டுமே உதவும். 1701இல், எழுபது வயதைத் தாண்டியபின், ஆம்ஸ்டர்டாம் நீர்முகத்தையும் கடலையும் செப்புத்தகட்டில் வரைந்து, அச்சடித்து, ஒரு வரிசையாகவே வெளியிட்டார்.

எண்ணெய் ஓவியத்துக்கு முன்னால்தான் வரைவு வரும் என்ற நினைப்புக்கும் ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். ரோமில் வாழ்ந்த கிளாட் லொரெய்ன், சூரியன் கடலில் இறங்கும் துறைமுகக் காட்சிகளுக்குப் பேர்போனவர். அவர் ஓவியத்தை முடித்தபின் அதைப் பேனாவிலும் பழுப்பு மைப் பூச்சிலும் ஒரு நோட்டில் வரைந்து வைத்தார். அவர் பாணியில் போலிகள் உலவத் தொடங்கியிருந்ததால், எது தன்னுடையது என்பதற்கான பதிவேடு அது. ஏறக்குறைய 200 தாள்கள், இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அங்கே ஓவியம் முதலில், வரைவு பின்னால்.

வரைவை வரைவாகவே வாங்கிச் சேர்த்தவர்களும் இருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் யான் வான் டெ காப்பெல்லெ சாயப்பட்டறை முதலாளி, ஓய்வு நேரத்தில் அற்புதமான கடல் ஓவியர். அவர் இறந்தபின் 1680இல் எடுத்த சொத்துப் பட்டியலில் சிமோன் டெ ஃப்லீகரின் வரைவுகள் மட்டும் சுமார் 1,300 இருந்தன. காசு உள்ளவர், கண் உள்ளவர், தொழில் தெரிந்தவர். அவர் வெறும் கிறுக்கலுக்குப் பணம் கொடுத்திருக்க மாட்டார்.

உங்கள் படம் உண்மையிலேயே அந்தக் காலத்ததா என்று பார்க்கச் சில வழிகள் உண்டு. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நெருக்கமான இணைகோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் அகன்ற இடைவெளிக் கோடுகளும் தெரிய வேண்டும். கம்பி சல்லடையில் வார்த்த தாளின் தடம் அது. தடமே இல்லாத வழவழப்பான தாள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் இங்கிலாந்தில் வந்தது. படத்தில் நீலம் இருந்தால் அது அவுரியாக இருக்கலாம், அப்போது டச்சு, ஆங்கிலக் கம்பெனிகள் இந்தியாவிலிருந்து ஏற்றிப்போன சரக்குகளில் அவுரியும் ஒன்று. பிரஷ்ய நீலம் என்று ஆய்வில் வந்தால் கதை முடிந்தது, 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடித்த நிறம் அது. பழுப்பைக் கணவாய் மை என்று யாராவது எழுதியிருந்தாலும் யோசியுங்கள். ஓவியர்களிடம் கணவாய் மை பரவலானது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

எனக்குப் பிடித்த சோதனை கப்பலிலேயே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பெரிய போர்க்கப்பலில், அணியத்திலிருந்து, அதாவது கப்பலின் முன்பக்கத்திலிருந்து, முன்னால் சாய்ந்து நீளும் மரத்தின் நுனியில், இன்னொரு குட்டிப் பாய்மரம் நட்டுக்குத்தாக நிற்கும், அதில் ஒரு சின்னச் சதுரப் பாய். பார்த்தால் ஒட்டவைத்ததுபோல அபத்தமாக இருக்கும், காற்று பலத்தால் ஒடிந்தும் போகும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது படிப்படியாகப் போய், அந்த இடத்தில் முக்கோணப் பாய்கள் வந்தன. உங்கள் படத்தில் பெரிய போர்க்கப்பல் இருந்து, அந்தக் குட்டி மரம் இல்லாமல் முக்கோணப் பாய்கள் மட்டும் இருந்தால், 1670 என்ற குறிப்பை நான் நம்பமாட்டேன். ஆங்கிலக் கொடி பெரிதாகத் தெரிந்தால் அதையும் பாருங்கள். மூலைவிட்டமாக ஓடும் வெள்ளைப் பட்டைக்குள் இன்னொரு மெல்லிய பட்டை இருந்தால் அது 1801க்குப் பிந்திய கொடி.

நேரில் பார்க்கும் ஆசை இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். மை வெளிச்சத்தில் மங்கும், தாள் மஞ்சளாகும் என்பதால் இந்தத் தாள்களைப் பொதுவாக 50 லக்ஸ் அளவுள்ள மங்கலான வெளிச்சத்தில், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும், காட்சிக்கு வைப்பார்கள். மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள்தான். பல இடங்களில் படிப்பறையில் எடுத்துக் காட்டுவார்கள். அதற்கு வழியில்லை என்றால் படத்தின் பின்பக்கத்தைப் புகைப்படமாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முன்பக்கத்தில் இல்லாத கப்பல் பெயர், பழைய உரிமையாளரின் முத்திரை, அரைகுறையாக வரைந்து விட்ட இன்னொரு படகு என்று ஏதாவது பின்னால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.